குளிர்காலத் தொடக்க மலையேற்றமும் தாழ்வெப்பநிலையும்: ஒரு மருத்துவரின் குறிப்புகள்

மலையில் குளிரால் பாதிக்கப்பட்டுச் சிகிச்சைக்கு வருபவர்களை நான் பார்த்தவரை, நடுக்குளிர்காலத்தைவிடக் குளிர்காலத்தின் தொடக்க வாரங்களே எனக்கு அதிகக் கவலை தருபவை. நடுக்குளிர்காலத்தில் சிகரம் ஏறப் புறப்படுகிறவர் கடுங்குளிரை எதிர்பார்த்து, அதற்கான உடைகளையும் கருவிகளையும் சுமந்து செல்கிறார். தொடக்கத்தில் புறப்படுகிறவரோ, சில வாரங்களுக்கு முன் அதே பாதையில் இளவெயிலில் நடந்த நினைவோடு, அதே காலணியும் அதே மெல்லிய கையுறையுமாகக் கிளம்பிவிடுகிறார். அடிவாரத்தில் இலையுதிர்காலம் இன்னும் முடிந்திராது. உச்சியில் குளிர்காலம் எப்போதோ தொடங்கியிருக்கும்.

பாதையின் நிலையும் அந்த வாரங்களில் இரண்டுங்கெட்டானாக இருக்கும். பாறைகளை முழுதாக மூடும் அளவுக்குப் பனி சேர்ந்திராது, ஆனால் கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலம் அவற்றின்மேல் படிந்திருக்கும். ஓடைகளின் மேற்பரப்பு உறைந்திருந்தாலும் ஓர் ஆளின் எடையைத் தாங்காது. கால் உள்ளே இறங்கிக் காலணி நனைந்துவிட்டால், சிகரத்தை அன்றைக்கு மறந்துவிட்டுத் திரும்புவதே சரி என்பது என் கருத்து.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உயரம் கூடக்கூட, சராசரியாக ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவாரத்தில் 5 டிகிரி இருக்கும் நாளில், அங்கிருந்து 1500 மீட்டர் உயர்ந்த சிகரத்தில் ஏறத்தாழ மைனஸ் 5 டிகிரி இருக்கும். இந்தக் கணக்கைப் பலரும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். மைனஸ் 5 சமாளிக்கக்கூடியதுதான் என்றும் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் அதே சிகரத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடப்படாத தோல் உணர்கிற குளிர் மைனஸ் 15 டிகிரிக்குச் சமமாகிவிடும். அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்திவரும் காற்றுக்குளிர் சூத்திரம் தரும் இந்த எண், உலர்ந்த தோலுக்கு உரியது. வியர்வையிலோ மழையிலோ நனைந்த தோலின் நிலை இதைவிட மோசம். மலைமுகடுகளிலும் இரு சிகரங்களுக்கு இடையிலான கணவாய்களிலும் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுப்பதால், பள்ளத்தாக்கு ஊருக்கான வானிலை அறிவிப்பை வைத்து உச்சியின் காற்றை மதிப்பிடவே முடியாது. காற்று உடலைத் தள்ளும் விசையும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது; 30 கிலோமீட்டர் வேகம் 60 ஆகும்போது அந்த விசை நான்கு மடங்காகிறது. சமநிலை காப்பதற்கே அப்போது பெரும் ஆற்றல் செலவாகிவிடும்.

உயரம் குறைந்த மலைதானே என்று யாராவது சொன்னால், நான் மவுண்ட் வாஷிங்டனை நினைவூட்டுவது வழக்கம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள அச்சிகரத்தின் உயரம் 1917 மீட்டர் மட்டுமே. ஆயினும் 1934 ஏப்ரல் 12 அன்று அங்கே மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகியுள்ளது.

குளிரில் உடல் வெப்பத்தை இழக்கும் கதை பெரும்பாலும் ஏற்றத்தில், அதாவது சூடாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அடிவாரத்தில் குளிர்கிறதென்று எல்லா உடைகளையும் அணிந்துகொண்டு வேகமாக ஏறுகிறவர், மரங்கள் முடியும் எல்லையை அடைவதற்குள் உள்ளாடைவரை வியர்த்து நனைந்துவிடுகிறார். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நடக்கும்வரை தசைகள் உண்டாக்கும் வெப்பம் இந்த இழப்பை ஈடுகட்டுகிறது. திறந்த முகட்டுக்கு வந்ததும் படம் எடுக்கவும், சாப்பிடவும், பின்தங்கிய நண்பருக்காகக் காத்திருக்கவும் நிற்கும் பத்து நிமிடங்களில் அந்த ஈடு நின்றுபோகிறது, இழப்பு மட்டும் தொடர்கிறது. ஆகவே புறப்படும்போது சற்றுக் குளிர்வதாகவே உணரும்படி உடுத்துவதும், வியர்க்கத் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைப்பதும் நல்லது. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் உடலை ஒட்டிய அடுக்காகக் கம்பளியோ செயற்கை இழையோ இருக்க வேண்டும். காற்றைத் தடுக்கும் மேலங்கியை மரங்களின் மறைவிலேயே அணிந்துகொள்ள வேண்டும். முகட்டில் காற்றுக்கு நடுவே பையைத் திறந்து தேடுகிறவர்களின் கையுறை பறந்துபோவது அரிதான நிகழ்ச்சி அல்ல. உலர்ந்த மாற்றுக் கையுறை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

நான் வலியுறுத்த விரும்பும் செய்தி இனிமேல்தான் வருகிறது. உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதைத் தாழ்வெப்பநிலை, அதாவது ஹைப்போதெர்மியா என்கிறோம். 32 டிகிரி வரை மிதமானது, 28 வரை நடுத்தரமானது, அதற்கும் கீழே கடுமையானது எனப் பொதுவாகப் பிரிக்கிறார்கள். மிதமான கட்டத்திலேயே, அதாவது நோயாளி இன்னும் நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும்போதே, அவருடைய தீர்மானிக்கும் திறன் மங்கத் தொடங்கிவிடுகிறது. திரும்பலாமா, தொடரலாமா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய மூளையே பாதிக்கப்பட்டிருப்பதால், ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்ற அவருடைய பதிலுக்கு மருத்துவ மதிப்பு எதுவும் இல்லை. சிகரம் கண்ணில் தெரியும் தூரத்தில் இருக்கும்போது இந்த மங்கலோடு ஆசையும் சேர்ந்துகொள்கிறது. எனவே திரும்பும் நேரத்தையும், எந்தக் காற்றில் முகட்டுக்கு ஏறுவதில்லை என்பதையும், புறப்படும் முன் உடலும் மூளையும் சூடாக இருக்கும்போதே முடிவு செய்து, உடன்வரும் அனைவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சிகரத்திலிருந்து பாதி வழியாவது பகல் வெளிச்சத்தில் இறங்க முடியாதென்றால் ஏறக்கூடாது என்று சிலர் வைத்திருக்கிறார்கள். நான் முழு இறக்கத்துக்கும் வெளிச்சம் வேண்டும் என்பேன். குளிரில் மின்கலங்கள் விரைவில் தளர்ந்துவிடும் என்பதால், தலைவிளக்கும் கைபேசியும் இருக்கின்றன என்ற தைரியம் அந்த உயரத்தில் அவ்வளவு உறுதியானது அல்ல.

ஒருவருக்கொருவர் கவனித்துக்கொள்வதைத் தவிர வேறு எச்சரிக்கைக் கருவி மலையில் இல்லை. முதலில் கட்டுப்படுத்த முடியாத நடுக்கம் வரும். ஜாக்கெட்டின் ஜிப்பை இழுக்கவும் காலணிக் கயிற்றைக் கட்டவும் விரல்கள் தடுமாறும். கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொட முடியாமல் போவது எளிமையான, நம்பத்தகுந்த அடையாளம். பிறகு பேச்சு குழறும், நடை தடுமாறும், வழக்கமாகக் கலகலப்பாக இருப்பவர் ஒதுங்கி மௌனமாவார் அல்லது காரணமின்றி எரிந்துவிழுவார். நடுக்கம் நின்றுவிட்டதைப் பார்த்து ‘சரியாகிவிட்டார்’ என்று ஆறுதல் அடைவது மிக ஆபத்தான பிழை. உள்வெப்பநிலை மேலும் இறங்கியதால் உடல் போராட்டத்தைக் கைவிட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம். இன்னும் முற்றிய நிலையில் சிலர் வெக்கையாக இருக்கிறதென்று உடைகளைக் களையத் தொடங்குவதும் உண்டு.

நடுங்கிக்கொண்டு, தெளிவாகப் பேசிக்கொண்டு இருப்பவரைக் காற்றுபடாத இடத்துக்குக் கொண்டுபோய், முடிந்தால் ஈர உடையை மாற்றி, தரையிலிருந்து குளிர் ஏறாதபடி கீழே பாய் விரித்துப் படுக்கவைத்து, ஸ்லீப்பிங் பேக்காலும் காற்றுப்புகாத உறையாலும் தலையையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். நடுக்கத்துக்கு எரிபொருள் தேவை என்பதால் இனிப்பான பானமும் உணவும் கொடுக்க வேண்டும். பானத்தின் சூட்டைவிட அதிலுள்ள சர்க்கரைதான் முக்கியம். உடனே எழுப்பி நடக்கவிட்டால் கை கால்களின் குளிர்ந்த இரத்தம் இதயத்தை நோக்கித் திரும்பி உள்வெப்பநிலை மேலும் இறங்கக்கூடும் என்பதால், குறைந்தது 30 நிமிடமாவது படுத்திருக்கச் செய்த பிறகே நடக்கவிடலாம். மது கூடவே கூடாது. அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து வெப்பத்தை வெளியேற்றிவிட்டு, சூடேறியதாக ஒரு பொய்யுணர்வை மட்டும் தரும்.

நினைவு மங்கியவரிடம் அணுகுமுறை முற்றிலும் வேறு. அவருக்கு வாய்வழியாக எதுவும் தரக்கூடாது. கை கால்களைத் தேய்க்கக் கூடாது. கிடைமட்டமாகவே வைத்து, முடிந்த அளவு அசைக்காமல் கையாள வேண்டும். குளிர்ந்த இதயம் ஒரு குலுக்கலிலேயே தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். மூச்சும் நாடியும் மிக மெதுவாக இருக்கும் என்பதால் ஒரு நிமிடம்வரை பொறுமையாகத் தேடிப் பார்க்க வேண்டும். உடல் விறைத்துக் குளிர்ந்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் இறந்துவிட்டார் என மீட்புப் பணியைக் கைவிடக்கூடாது. 1999 மே மாதம் நார்வேயில் பனிச்சறுக்கின்போது உறைந்த ஓடையில் சிக்கிய மருத்துவர் அன்னா போகன்ஹோம், உள்வெப்பநிலை 13.7 டிகிரிவரை இறங்கிய பின்னும் உயிர் பிழைத்துப் பணிக்குத் திரும்பினார்.

கடுங்குளிரில் தோலும் அதன் அடியிலுள்ள திசுவும் உறைந்துபோகும் பனிக்கடியைப் பொறுத்தவரை, மூக்கு, கன்னம், காது, விரல்கள் ஆகியவை உணர்விழந்து மெழுகுபோல் வெளுப்பதைக் கூட வருபவர்தான் கண்டுசொல்ல முடியும். உறைந்த பகுதியைத் தீயில் காட்டினால் உணர்வில்லாத தோல் தெரியாமலே வெந்துபோகும். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் உருக்குவதே முறை. அதுவும் மீண்டும் உறையாது என்ற உறுதி இருந்தால் மட்டுமே. உருகி மறுபடி உறைந்தால் சேதம் பன்மடங்காகும் என்பதால், உறைந்த காலோடு நடந்து இறங்குவதே சில சமயம் மேலானது.

2500 மீட்டருக்கு மேலே இன்னொரு குழப்பம் சேர்கிறது. தள்ளாட்டமும் குழறலும் தாழ்வெப்பநிலையாலும் வரலாம், உயரத்தால் வரும் மூளை வீக்கத்தாலும் வரலாம். மலையில் நின்றுகொண்டு இரண்டையும் பிரித்தறிய முயன்று நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. உடலைப் போர்த்துவதும், தாமதமின்றி உயரம் குறைப்பதும், உதவி கோருவதும் இரண்டுக்கும் பொருந்தும்.

தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் புறப்படும் முன்னரே தங்கள் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துவதால், சுமையோடு ஏறும் இதய நோயாளியின் இதயம் இரட்டைப் பளுவைத் தாங்க வேண்டியிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் விரல்களுக்கான இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். தூக்க மாத்திரைகள் குளிருக்கு உடல் காட்டும் எதிர்வினையை மழுங்கச் செய்யும். ஆஸ்துமா இன்ஹேலர் குளிரில் சரியான அளவு மருந்தை வெளியேற்றாமல் போகலாம். உறைந்துபோன இன்சுலின் மீண்டும் உருகினாலும் பயன்படாது. இவற்றையும் சர்க்கரை அளக்கும் கருவியையும் பையில் வைக்காமல் உடலை ஒட்டிய உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, மருந்தின் இன்னொரு தொகுப்பை உடன்வரும் ஒருவரிடமும் கொடுத்து, எப்போது எப்படித் தர வேண்டும் என்பதைக் கீழே இருக்கும்போதே அவருக்குக் காட்டிவிடுங்கள்.