சீந்தில் இருக்க நிலாவிதை எதற்கு?

கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று. அதே கொடியை இப்போது பொட்டலங்களில் ‘கிலோய்’ என்றும், கட்டுரைகளில் ‘இதய இலை நிலாவிதை’ என்றும் எழுதுகிறார்கள். முன்னது இரவல். பின்னது பிழை.

சித்த மருத்துவச் சரக்குகளின் குணம் சொல்லும் குணபாடத்தில் இதன் பெயர் சீந்தில். அமிர்தவல்லி வடசொல். சாகாமூலி என்பது குணத்தால் வந்தது: அடியை அறுத்துவிட்டாலும் மேலிருந்து நூல் நூலாக விழுதிறக்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் சாயல்குடி வரை வேம்பிலும் வேலியிலும் ஏறிக் கிடக்கும் கொடி இது. கிலோய் இந்திக்காரர் சொல். எதிர்க்கரை இலங்கையில் சிங்களவருக்கு ரசகிந்த. அவரவருக்கு அவரவர் பெயர் இருக்கும்போது, நாம் மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும்?

நிலாவிதை, ‘மூன்சீட்’ என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் வந்தது. பிறைபோல் வளைந்த விதையை வைத்து அந்தத் தாவரக் குடும்பத்துக்கே இட்ட பெயர் அது. வேலியில் ஓடும் கட்டுக்கொடியும் அந்தக் குடும்பம்தான். அதே கபசுரக் குடிநீரில் சேரும் வட்டத்திருப்பியும் அந்தக் குடும்பம்தான். எல்லாம் நிலாவிதை என்றால் நாட்டு மருந்துக் கடையில் எதைக் கேட்பது? ‘இதய இலை’ அதைவிட மோசம். சீட்டுக்கட்டு ஆர்ட்டின்போல் இருக்கும் இலையைப் பார்த்து வெள்ளைக்காரர் சொன்னது அது. நமக்கு அந்த வடிவம் வெற்றிலை. ‘வெற்றிலை போன்ற இலை’ என்றால் மண்டபத்துப் பாட்டிக்கும் விளங்கும். ‘இதயம்’ என்று அச்சிட்டால் நெஞ்சுவலி மருந்து என்றே வாங்கிப் போவார்கள். அகராதியைப் புரட்டுகிற மொழிபெயர்ப்பாளர், வேலியோரம் போய் ஒருமுறை கொடியைப் பார்க்கக் கூடாதா?

‘சீந்தில் சர்க்கரை’யை இனிப்பு என்று பெயர்ப்பதும் இந்த வகைதான். அது கொடியின் மாவு. கட்டைவிரல் பருமனுள்ள முற்றிய தண்டின் மேல்தோலைச் சீவி, நறுக்கி இடித்து, நான்கு பங்கு நீரில் இரவு ஊறவைத்து, பிசைந்து துணியில் வடிகட்ட வேண்டும். அடியில் வெள்ளையாகப் படிந்ததும் மேல்நீரை மெல்ல இறுத்து, மறுபடி நீர்விட்டு இரண்டு மூன்று முறை தெளியவைத்து உலர்த்தினால் சர்க்கரை. அவசரமாக இறுத்தால் மாவும் நீரோடு போய்விடும். ஈரத்தோடு வைத்தால் புளித்துவிடும். இளந்தண்டில் மாவே தேறாது.

பெயர் பிசகினால் சரக்கும் பிசகும். மும்பையில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக 2021-ல் செய்தி வந்தபோது, ஒத்த தோற்றமுள்ள டினோஸ்போரா கிறிஸ்பா என்ற வேறொரு கொடியோடு குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். கிறிஸ்பாவின் தண்டு முழுக்க முண்டு முண்டாகப் பரு இருக்கும். சீந்தில் தண்டில் காகிதம்போல் மெல்லிய தோல் உரியும். கல்லீரல் நோயுள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் சீந்திலைத் தொடவே கூடாது. மற்றவர்களும் கடையில் ‘சீந்தில் தண்டு’ என்றே கேட்டு, பொடியாக வாங்காமல் முழுத் தண்டாக வாங்குங்கள். பொடியில் தோலும் தெரியாது, பருவும் தெரியாது.