'அவசர சேவைக் கட்டணம்' என்பது ஏன் தவறு

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உள்ளாட்சி மன்றமான கவுன்சிலிலிருந்து வரும் பில்லில், வீட்டு வரிக்குக் கீழே இன்னொரு தொகை தனியாக இருக்கும். தீயணைப்புக்கும் மீட்புப் பணிக்கும் என்று விக்டோரியா மாநில அரசு எடுப்பது அது. இதைத் தமிழில் 'அவசர சேவைக் கட்டணம்' என்கிறார்கள். வானொலியில் கேட்டேன், துண்டறிக்கையில் படித்தேன், போன மாதம் ஒரு கூட்டத்தில் மேடையிலிருந்தே சொன்னார்கள். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் இருக்கிறார். பில்லையும் துண்டறிக்கையையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நாங்கள் ஒருநாளும் ஃபயர் எஞ்சினைக் கூப்பிடேல்ல. பிறகேன் கட்டணம்?" அடுத்த கேள்வி இன்னும் மோசம். "இதுக்குள்ள அம்புலன்சும் வருமெல்லோ? அப்ப மகன் கட்டுற மெம்பர்ஷிப்பை நிப்பாட்டலாமோ?"

நிறுத்தவே கூடாது. இந்தப் பணம் ஆம்புலன்சுக்குப் போவதில்லை. இங்கே சலுகை அட்டையோ சந்தாவோ இல்லாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பெரிய பில் வரும். ஒரு சொல்லைத் தவறாகப் போட்டதால் ஒரு குடும்பம் சந்தாவை விட்டுவிடப் பார்த்தது.

கட்டணம் என்றால் பயன்படுத்துகிறவர் கொடுப்பது. பேருந்தில் ஏறினால் கட்டணம், தேர்வு எழுதினால் கட்டணம். ஏறாதவரிடம் யாரும் கேட்பதில்லை. அன்ரி கேட்டது முழுக்க நியாயம், தவறு மொழிபெயர்த்தவருடையது.

ஆங்கிலத்தில் இதன் மூலச் சொல் 'லெவி' (levy). லத்தீனில் உயர்த்துவது, எடுப்பது என்ற பொருள், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. படை திரட்டுவதற்கும் அதே சொல். கட்டாயம் என்பதுதான் அதன் உயிர். தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதுச் சொல்லும் அல்ல. அரசு கட்டாயமாகக் கொள்முதல் செய்த நெல்லை 'லெவி நெல்' என்றுதான் சொன்னார்கள்.

வரலாறு தெரிந்தால் கட்டாயம் ஏன் என்பதும் புரியும். முன்பு தீயணைப்புச் செலவில் பெரும்பங்கு வீட்டுக் காப்பீட்டுத் தவணையோடு சேர்த்து எடுக்கப்பட்டது. காப்பீடு எடுக்காதவர் அந்தப் பங்கில் எதுவும் தரவில்லை, ஆனால் தீ பிடித்தால் வண்டி அவர் வீட்டுக்கும் வந்தது. 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த ஆணையம், சொத்து உள்ள எல்லாரிடமும் எடுங்கள் என்று பரிந்துரைத்தது. 2013 ஜூலை 1 முதல் அப்படியே ஆனது. எல்லாருக்கும் ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பைப் பொறுத்து ஒரு தொகை. கவுன்சில் வாங்கி மாநில வருவாய் அலுவலகத்துக்குக் கொடுத்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை.

2025 ஜூலை 1 முதல் பெயர் மாறிவிட்டது. புயல், வெள்ளத்துக்கு வரும் மீட்புப் படை, 000 என்ற அவசர எண்ணின் அழைப்பு மையம் எல்லாவற்றையும் சேர்த்து, 'நிதி' என்று பெயர் வைத்தார்கள். தமிழிலும் 'அவசர சேவைகள் மற்றும் தன்னார்வலர்கள் நிதி' என்று எழுதத் தொடங்கினார்கள். (வல்லெழுத்தும் போடவில்லை, 'மற்றும்' இல்லாமல் ஒரு பெயரும் எழுதத் தெரியவில்லை.) தமிழில் நிதி என்றால் வெள்ள நிவாரண நிதிதான் நினைவுக்கு வரும். மனமிருந்தால் கொடுப்பது. பக்கத்தில் 'தன்னார்வலர்' வேறு. நன்கொடை என்று நினைத்து ஒருவர் கட்டாமல் விட்டால் வட்டி ஏறும். 'வரி' என்று எழுதினால் அரசியல் ஆகிவிடுமே என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் தயங்கினார். 2025 மே மாதம் பாராளுமன்றத்தின் முன் போராடிய விவசாயிகள் இதை வரி என்றார்கள், அரசு நிதி என்றது, உண்மைதான். ஆனால் சட்டப்படி கட்டாயமாக எடுப்பதற்குத் தமிழில் வரி என்றுதான் பெயர். அதை மறைத்து எழுதுவதும் ஒரு பக்கம் சாய்வதுதான்.

தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கும் நண்பர் 'தீர்வை' என்றே எழுத வேண்டும் என்கிறார். வரி பொதுச் சொல், லெவிக்குத் தனிச் சொல் வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு வலுவான சான்றும் காட்டினார். தமிழ்நாட்டு நில ஆவணங்களில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இன்றும் இருக்கிறது. நிலத்தை மதிப்பிட்டு விதித்த தொகை தீர்வை, இதுவும் அப்படித்தானே என்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டாட்சியர் அலுவலகப் பக்கமே போகாத ஒருவருக்குத் தீர்வை என்றால் என்ன? துறைமுகத்தில் சுங்கத் தீர்வை, பத்திரம் பதியும்போது முத்திரைத் தீர்வை. இரண்டும் ஒரு காரியம் நடக்கும்போது ஒரே தடவை கொடுப்பவை. வீடு வாங்கியபோதே தீர்வை கட்டிவிட்டேனே என்று மெல்பர்ன்காரர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். இது வருடம்தோறும் வருவது. 'அறவீடு' என்று இலங்கை வழக்கில் ஒரு நல்ல சொல் இருக்கிறது, ஆனால் தண்டப்பணத்தையும் கடனையும்கூட அறவிடுவார்கள். அது வாங்கும் செயலைச் சொல்கிறது, எதை என்பதைச் சொல்லவில்லை.

தனிச் சொல்லே தேவையில்லை என்பேன். எதற்கு எடுக்கிறோமோ அதை முன்னால் வைத்துப் பெயரிடுவது நம் பழைய பழக்கம். கல்வெட்டுகளில் ஏரிக்கு எடுத்தது ஏரி ஆயம், ஊர்க் காவலுக்கு எடுத்தது பாடிகாவல். இன்றும் தமிழ்நாட்டில் சொத்து வரியோடு சேர்த்து உள்ளாட்சிகள் வாங்கி நூலகத்துறைக்குக் கொடுப்பதை நூலக வரி என்கிறோம். மெல்பர்ன் ஏற்பாட்டுக்கு அச்சு அசல் அண்ணன் அது. நூலகத்துக்குள் காலே வைக்காதவரும் அதைக் கட்டுகிறார், யாரும் குழம்புவதில்லை.

எனவே 'தீயணைப்பு மீட்பு வரி'. தமிழ்நாட்டுத் துறையின் பெயரிலேயே தீயணைப்பும் மீட்பும் சேர்ந்திருப்பதால் காதுக்குப் புதிதல்ல. 'அவசரம்' இல்லாததால் ஆம்புலன்ஸ் குழப்பமும் இல்லை.

இன்னொன்று. அதே துண்டறிக்கையில் 'உங்கள் சபை விகிதங்களுடன் வசூலிக்கப்படும்' என்று இருந்தது. கவுன்சில் ரேட்ஸைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். வட்டிக்கு விகிதம் உண்டு, வீட்டுக்கு ஏது? வீட்டு வரி, சொத்து வரி, இலங்கையில் ஆதன வரி என்று சொல் கொட்டிக் கிடக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்கள், தங்கள் அம்மாவுக்கு ஒருமுறை படித்துக் காட்டியிருந்தால் இது அச்சுக்கே போயிருக்காது.

அன்ரியிடம் நான் வீட்டு வரி என்று தொடங்கியதுமே கையை உயர்த்தினார். "ஓ, சோலை வரியோ? அதோட சேத்து ஃபயருக்கு எடுக்கிற வரி. அப்பிடி எழுத வேண்டியதுதானே!" சோலை வரி என்ற சொல்லை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். துண்டறிக்கையில் 'கட்டணம்' என்றிருந்த இடத்தைப் பேனாவால் அடித்து, மேலே 'வரி' என்று எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆம்புலன்ஸ் சந்தா ரசீதுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.