எந்தப் ‘போதும்’?

“சாப்பிடும்போது ‘போதும்’ என்கிறார், டாக்டர். வயிறு நிறைந்த போதுமா, குழம்பு பிடிக்காத போதுமா, என்னோடு பேசாதே என்கிற போதுமா? ஒன்றும் விளங்கவில்லை.”

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதுமாக நீக்கிக்கொண்ட ஒருவரின் மனைவி என்னிடம் சொன்னது இது. (நான் டாக்டர் இல்லை, பேச்சுப் பயிற்சி தருபவள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) கணவர், கழுத்தில் வைத்தால் அதிர்ந்து குரலுக்குப் பதில் ஒலி தரும் எலக்ட்ரோலாரிங்ஸ் கருவியைப் பயன்படுத்துகிறார். சொற்கள் தெளிவாகத்தான் வருகின்றன. ஆனால் வாழ்த்தும் வசவும் ஒரே ரீங்காரத்தில் வருகின்றன.

அவர்களுடைய மகன் ஒரு காணொளியை அனுப்பியிருந்தான். வாய் திறக்காமலே பேச்சை அறியும் கருவி. “இதை வாங்கிவிட்டால் கோபமும் சிரிப்பும் குரலில் வருமா?” என்று கேட்டார் அந்த அம்மா. இதே கேள்வியை இப்போது பலரும் கேட்கிறார்கள்.

உதடு, நாக்கு, தாடை இவற்றை அசைக்கும் தசைகளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழும். தோலின்மேல் ஒட்டிய மின்முனைகள் அதைப் பிடிக்க, கணினி அதைச் சொல்லாக மாற்றும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2018-இல் காட்டப்பட்ட ‘ஆல்டர் ஈகோ’, மனதுக்குள் சொல்லும் சொல்லையே முகத்திலும் தாடையிலும் எழும் சமிக்ஞைகளிலிருந்து அறிய முயன்றது. ஆக, சொல் கிடைக்கிறது. உணர்ச்சியின் பெரும்பங்கு இருப்பதோ சுருதியின் ஏற்ற இறக்கத்தில். குரல் நாண்களை இழுத்துச் சுருதியை உயர்த்தும் தசை குரல்வளையிலேயே இருக்கிறது. அறுவையில் அதுவும் போய்விட்டது. மிச்சமிருக்கும் கழுத்துத் தசைகளின் மின்னோட்டத்தைக் கொண்டு எலக்ட்ரோலாரிங்ஸின் சுருதியை மாற்றும் சோதனைகள் நடந்திருக்கின்றன. மற்றபடி இயந்திரம் ஊகிக்கத்தான் வேண்டும்.

தமிழில் நமக்கு ஒரு சின்ன லாபம் உண்டு. ‘வந்தாயா’ என்பதில் கேள்வி சொல்லிலேயே இருக்கிறது. ‘நீதான்’ என்பதில் அழுத்தமும் அப்படியே. ‘சரி’, ‘ம்’, ‘போதும்’ போன்றவைதான் காலை வாருகின்றன.

முகத்தைப் பார்த்தால் போதாதா என்பார்கள். சிரித்துக்கொண்டே ‘உப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், உதடு சரியாகக் குவியாது. கன்னத்து மின்முனையில் சொல்லுக்கான அசைவும் சிரிப்புக்கான அசைவும் ஒன்றாகக் கலந்து விழும். அவற்றைப் பிரிப்பது எளிதில்லை.

மூளையில் மின்முனை பதிக்கும் ஆராய்ச்சிகள் இன்னும் முன்னே போயிருக்கின்றன. 2023-இல் சான் பிரான்சிஸ்கோவில், பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒரு பெண்ணுக்கு 253 மின்முனைகள் வழியே பேச்சும், மகிழ்ச்சி, சோகம், வியப்பு காட்டும் திரைமுகமும் கிடைத்தன. 2025-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், தசைகளை மெல்ல முடக்கும் ஏ.எல்.எஸ். நோய் கண்ட ஒருவர் 256 மின்முனைகளின் துணையோடு கேள்வியின் தொனியைக் கொண்டுவந்தார், விரும்பிய சொல்லை அழுத்திச் சொன்னார், எளிய மெட்டுகூடப் பாடினார். மண்டையைத் திறந்து செய்த ஆராய்ச்சிகள் இவை. கடையில் கிடைக்கும் பொருளாக நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் அவற்றில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. எந்தச் சொல்லை அழுத்துவது என்று அந்த நோயாளியே முடிவு செய்தார், இயந்திரம் கீழ்ப்படிந்தது. ‘உங்கள் உணர்ச்சியை நாங்களே கண்டுபிடித்துக் குரலில் சேர்த்துவிடுவோம்’ என்பது முற்றிலும் வேறு கதை. எனக்குப் பயம் அங்கேதான்.

கழுத்து அறுவைக்குப் பின் சிலருக்குக் கீழுதட்டுக்குப் போகும் நரம்பு தளர்ந்துவிடும். சிரித்தால் வாய் ஒருபக்கம் கோணும். கதிர்வீச்சு வாங்கிய கழுத்து விறைத்திருக்கும். முகத்திலிருந்து உணர்ச்சியைப் படிக்கும் முறைகளிலோ, உதட்டோரம் ஒருபக்கம் மட்டும் உயர்ந்தால் அது இகழ்ச்சி என்று கணக்கு. பேரனைப் பார்த்துச் சிரித்த தாத்தாவின் சொல்லை ஏளனக் குரலில் ஒலிக்க இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

நலமான முகங்களிலேயே இந்த வாசிப்பு நம்பத்தக்கதில்லை என்று ஐந்து அறிஞர்கள் 2019-இல் விரிவாக எழுதினார்கள். மைக்ரோசாஃப்ட் 2022-இல் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி ஊகத்தை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் அதற்கு 2025 பிப்ரவரி முதல் தடை. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது, என் நோயாளிகளுக்கு அந்தத் தடை குடை பிடிக்காது.

ஆகவே யாராவது கருவி விற்க வந்தால், தொனியை யார் தேர்ந்தெடுக்கிறார் என்று முதலில் கேளுங்கள். தவறாக ஒலித்தால் அந்த நொடியே நிறுத்த முடியுமா? இவருடைய முகத்திலேயே பழக்கப்படுத்தினார்களா? பதிவாகும் சமிக்ஞை எந்தக் கணினிக்குப் போகிறது? பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

அந்தத் தம்பதிக்கு நான் தந்தது, பொத்தானை அழுத்தும் அளவுக்கேற்பச் சுருதி மாறும் ஓர் எலக்ட்ரோலாரிங்ஸும் மூன்று வாரப் பயிற்சியும்தான். கடைசியாக வந்தபோது, தட்டின்மேல் கை மறைத்தால் வயிறு நிறைந்தது, தட்டைத் தள்ளினால் குழம்பில் குறை என்று அந்த அம்மா விளக்கினார். “மூன்றாவது போதும்?” என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தபடி பொத்தானை முழுவதும் அழுத்தி “போதும்!” என்றார். கருவி கீச்சென்று கத்தியது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.