அக்கா வீட்டு ஹாலுக்கு எந்த டிவி?

போன மாதம் அக்காவுக்கு டிவி வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். 43 அங்குலம், 4கே, விலை இருபத்தைந்தாயிரத்துக்குள். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் கடைசியாக இரண்டு நின்றன. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த விவரங்கள் வரிக்கு வரி ஒன்றுபோலவே இருந்தன. விலையிலும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். "ரெண்டும் ஒண்ணுதான் சார், எதை வேணும்னாலும் எடுங்க" என்றார் விற்பனையாளர்.

இரண்டிலும் ஒரே செய்திச் சேனலைப் போடச் சொல்லிவிட்டு, ஓரமாக நகர்ந்து பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். ஒன்றில் செய்தி வாசித்த பெண்ணின் முகம் அப்படியே இருந்தது. இன்னொன்றில் அதே முகம் சாயம் போன துணிபோல வெளுத்துவிட்டது. அக்காவும் வந்து நின்று பார்த்தாள். "ஏன்டா இப்படி?" என்று கேட்டாள். கடையில் நின்று பாதிதான் சொல்ல முடிந்தது. முழுசாக இங்கே சொல்கிறேன்.

எல்இடி டிவி என்று சொன்னாலும், இந்த விலையில் வரும் டிவிகளில் எல்இடியின் வேலை பின்னாலிருந்து வெள்ளை வெளிச்சம் அடிப்பது மட்டும்தான். படத்தை உருவாக்குவது அதற்கு முன்னால் இருக்கும் திரவப் படிகத் தகடு, அதாவது எல்சிடி. 1888-இல் பிராகா நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கேரட்டில் கிடைத்த கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178.5 டிகிரிக்குப் போனதும் தெளிந்துவிட்டது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலை எப்படி இருக்க முடியும்? அந்தக் கலங்கல் நிலையில் அது திரவம்போல ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல ஒரே திசை பார்த்து வரிசையாக நிற்கும். குச்சி வடிவில் இருக்கும் இப்படிப்பட்ட மூலக்கூறுகளை மின்சாரத்தால் திருப்பி வைக்கலாம் என்பதுதான் எல்சிடி டிவிக்கு அடிப்படை.

ஒளி ஓர் அலை. அது மேலும் கீழுமாகவும் அதிரும், இடமும் வலமுமாகவும் அதிரும். செங்குத்துக் கம்பி போட்ட ஜன்னல் வழியாகத் தட்டை நிமிர்த்திப் பிடித்தால் வெளியே கொடுத்துவிடலாம், படுக்கவைத்தால் கம்பி தடுக்கும். டிவித் திரையிலும் இப்படி இரண்டு வடிகட்டிகள் உண்டு. பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று. ஒன்றின் கம்பி செங்குத்து என்றால் மற்றதன் கம்பி கிடை. சும்மா விட்டால் பின்னாலிருந்து வரும் ஒளி எதுவும் முன்னால் வராது. நடுவில் இருக்கும் திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிட்டால்தான் வெளியே வரும். எவ்வளவு திருப்புகிறதோ அவ்வளவு வெளிச்சம். 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அறைகள். ஆக, கிட்டத்தட்ட இரண்டரைக் கோடிக் கதவுகள் நொடிக்கு 60 முறை தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு இது கிடைக்கிறது என்பதே எனக்கு இன்னும் வியப்புதான்.

அந்த மூலக்கூறுகளை எப்படி நிறுத்திவைக்கிறார்கள் என்பதில்தான் இரண்டு டிவியும் பிரிகின்றன.

முகம் வெளுத்த டிவியில் இருந்தது விஏ வகை. இதில் மின்சாரம் இல்லாதபோது மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக, நாற்று நட்டதுபோல நிற்கும். நேரே வரும் ஒளி அவற்றின் நீளவாக்கிலேயே கடந்துபோவதால் திசை மாறுவதில்லை. முன் வடிகட்டி அதை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும். அதனால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அவை சாய்ந்து ஒளிக்கு வழிவிடும். ஆனால் நட்டு சில நாளான வயலை நேர் மேலேயிருந்து பார்த்தால் இடையில் தண்ணீர் தெரியும், வரப்பில் நின்று பார்த்தால் பச்சை மட்டும்தான் தெரியும் இல்லையா? அதேபோல இந்தத் திரையைச் சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு, மூலக்கூறுகளின் சாய்வு வேறு அளவாகப் படுகிறது. கணக்கு தப்பி, இடைப்பட்ட நிறங்கள் வெளுக்கின்றன.

இன்னொன்று ஐபிஎஸ் வகை. இதில் மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே கடிகார முள்போலச் சுழலும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே தோற்றம். ஆனால் படுத்திருக்கும் அந்த வரிசையில் சின்னப் பிசகு இருந்தாலும் ஒளி கொஞ்சம் கசியும். கறுப்பு, அடர் சாம்பலாகத் தெரியும்.

எண்ணில் சொன்னால், ஐபிஎஸ் திரையில் வெள்ளை கறுப்பைப்போல சுமார் 1000 மடங்கு பிரகாசம். விஏ திரையில் 3000 முதல் 5000 மடங்கு. இதை மட்டும் வைத்துப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு விஏ வாங்கச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்குப் பொருந்தும். ஆனால் அக்கா வீட்டு ஹாலில் டியூப்லைட் எரியும், பகலில் வாசல் கதவு திறந்தே கிடக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு டிவியின் வெள்ளையும் 250 நிட் என்று வைத்துக்கொள்வோம். நிட் என்பது திரைப் பிரகாசத்தின் அலகு. ஐபிஎஸ் கறுப்பு 0.25 நிட், விஏ கறுப்பு சுமார் 0.06 நிட். இப்போது அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புவது 0.6 நிட் என்று கொண்டால், அது இரண்டின் கறுப்பிலும் சேர்ந்துகொள்ளும். ஒன்று 0.85, மற்றது 0.66. ஆயிரமும் நாலாயிரமும் இப்போது ஏறத்தாழ 300, 380 ஆகிவிட்டன! நாலு மடங்காக இருந்தது சுமார் ஒன்றேகால் மடங்காகச் சுருங்கிவிட்டது. அறை வெளிச்சமானது என்றால், விஏவுக்குக் கொடுத்த பெருமையில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துபோகிறது.

அப்புறம் உட்காரும் இடம். நம் வீடுகளில் டிவியைச் சுவரில் உயரமாக மாட்டிவிட்டு, கீழே பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறோம். அம்மா சுவரோரம் கால் நீட்டி உட்காருவார். அக்கா சமையலறை வாசலில் நின்றபடி பார்ப்பாள். கீழிருந்து பார்த்தாலும் அது சாய்ந்த பார்வைதான். சோபாவில் நேர் எதிரே உட்காரும் ஒருவரை மனதில் வைத்து எழுதிய சிபாரிசை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மற்றவற்றுக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுக்கவில்லை. எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டுவதற்கான பட வகை. பெட்டியில் அப்படிப் போட்டிருந்தால் அந்த வகைச் சிக்னலை டிவி ஏற்றுக்கொள்ளும் என்று மட்டும்தான் பொருள். எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட் உச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். 250 நிட் திரையால் அதைக் காட்ட முடியாது. 4கேயும் அப்படித்தான். நல்ல பார்வையுள்ள கண் பத்தடி தூரத்தில் பிரித்தறியக்கூடியது சுமார் 0.9 மில்லிமீட்டர். 4கேயில் இருப்பதில் கால் பங்குப் புள்ளிகளே உள்ள 43 அங்குல ஃபுல் எச்டி திரையிலேயே ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர்தான். நாலடியில் படுத்துக்கொண்டு பார்க்கும் அக்கா பையனுக்கு வேண்டுமானால் வித்தியாசம் தெரியலாம்.

திரை ஐபிஎஸ்ஸா விஏவா என்பதைப் பெரும்பாலும் பெட்டியில் எழுதுவதில்லை. ஒரே மாடலில்கூட 43 அங்குலத்துக்கு ஒன்று, 50 அங்குலத்துக்கு ஒன்று என்று மாறலாம். அதனால் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மனித முகம் வரும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். நேரே பார்த்துவிட்டு, இரண்டு அடி எடுத்து ஓரத்துக்குப் போங்கள். பிறகு குனிந்து கீழிருந்தும் பாருங்கள். கடையில் யாராவது விநோதமாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

நாங்கள் ஐபிஎஸ்ஸை எடுத்துக்கொண்டோம். என் அறைக்கு, இரவில் தனியாகப் படம் பார்க்க என்றால் தயங்காமல் மற்றதை எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் படத்தின் மோடை 'விவிட்'டிலிருந்து 'மூவி'க்கு மாற்றினேன். கடை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று வைத்திருந்த நீலம் குறைந்து, தோல் நிறம் இயல்புக்கு வந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா, "இப்பதான் மனுஷங்க மனுஷங்க மாதிரி இருக்காங்க" என்றார். நானும் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்தும் முகம் வெளுக்கவில்லை.