பழைய லேப்டாப்: ஸ்டிக்கரை விடுங்கள், பிராசசர் நம்பரைப் பாருங்கள்

"ஐ5 லேப்டாப் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?" லேப்டாப் சர்வீஸில் இருப்பதால் எனக்கு வாட்ஸ்அப்பில் அதிகம் வரும் கேள்வி இதுதான். கூடவே ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. இதை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. ஐ5 என்பது இன்டெல் பிராசசரில் ஒரு வரிசையின் பெயர், லேப்டாப்புக்கான ஐ5 முதலில் வந்தது 2010-இல். அன்று வந்ததும் ஐ5தான், 2017-இல் வந்ததும் ஐ5தான், இரண்டுக்கும் பெயரைத் தவிரப் பொதுவாக எதுவும் கிடையாது. எனக்கு வேண்டியது முழு நம்பர்: ஐ5-6300யு, ஐ5-8250யு என்பது மாதிரி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் வலது மேல் மூலையிலேயே எழுதியிருக்கும்.

இரண்டாம் ஜெனரேஷனிலிருந்து ஒன்பதாம் ஜெனரேஷன் வரை அந்த நம்பரின் முதல் இலக்கம்தான் ஜெனரேஷன், அதாவது தலைமுறை, அது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எழுத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. யு என்றால் பொதுவாக 15 வாட் (தொடர்ந்து வேலை செய்யும்போது சிப் இழுக்கும் மின்சாரத்தின் அளவு), அலுவலக லேப்டாப்புகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஒய் என்றால் பொதுவாக 4.5 வாட், ஃபேன் இல்லாத ஒல்லி மாடல்களுக்காகச் செய்தது. ஐந்தாம், ஆறாம் ஜெனரேஷன்களில் இந்த வகையை கோர் எம் என்று தனிப்பெயரில் விற்றார்கள், அதனால் குழப்பம் இல்லை. ஏழாம் ஜெனரேஷனில் அதற்கே ஐ5-7ஒய்54, ஐ7-7ஒய்75 என்று பெயர் வைத்துவிட்டார்கள். 7ஒய்54-இன் உச்ச வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பது பொய்யில்லை, ஆனால் அந்த வேகத்தில் அதிக நேரம் நிற்காது, சூடு ஏறியதும் இறங்கிவிடும். டைப் செய்ய, மெயில் பார்க்க நல்ல மெஷின்தான். ஐ5 என்று நம்பி வீடியோ எடிட்டிங்குக்கு வாங்கினால் பணம் போச்சு.

இன்டெல்லின் மலிவு வரிசையான செலரான் பக்கம் வருவோம். மனசு நிஜமாகவே வருத்தப்படுவது இங்கேதான், ஏனென்றால் பிள்ளையின் படிப்புக்கு என்று கஷ்டப்பட்டுப் பணம் சேர்த்த பெற்றோர்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். இந்த மலிவு செலரான்களின் முன்னோடி, 2008-இல் நெட்புக் என்ற குட்டி லேப்டாப்புகளோடு வந்த ஆட்டம் என்270: ஒரே கோர் (வேலை செய்யும் மையம்), 32 பிட், 2.5 வாட். கட்டளைகளை வந்த வரிசையிலேயேதான் முடிக்கும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் கார்டைத் தேடிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் காத்திருப்பது மாதிரி. 2013-இல் வந்த பே டிரெயில் குடும்பத்தில்தான், தயாராக இருக்கும் வேலையை முன்னால் எடுத்து முடிக்கும் முறை இந்தக் குறைந்த மின்சார வரிசைக்கு வந்தது. செலரான் என்2840 அந்தக் குடும்பம். அப்புறம் என்3060, என்3350, என்4000, என்4020 என்று மொத்தத்தில் முன்னேறித்தான் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் என்4020 என்பது 2019-இல் வந்த, இரண்டே கோர் உள்ள 6 வாட் சிப். அதன் பக்கத்தில் 2015-இல் வந்த ஐ5-6300யு-வை வைத்துப் பாருங்கள். பிரவுசரில் ஏழெட்டு டேப், ஒரு ஆன்லைன் வகுப்பு, பின்னால் ஆன்டிவைரஸ் ஸ்கேன், இவ்வளவுதான். செலரானில் மவுஸ் நகர்வதே விட்டுவிட்டுத் தெரியும், நான்கு வருடம் பழைய ஐ5 அசராமல் ஓடும்.

"6 வாட்தானே, பேட்டரி நிறைய நேரம் வருமே" என்பார்கள். பாதிதான் சரி. 15 வாட் என்பது ஐ5 எப்போதும் குடிக்கிற மின்சாரம் இல்லை, சும்மா இருக்கும்போது சில வாட்டுகளுக்குள் அடங்கிவிடும், குறிப்பாக 2013-இல் வந்த நான்காம் ஜெனரேஷனிலிருந்து. ஐ5 சட்டென்று முடித்துவிட்டு ஓய்வெடுக்கிற வேலைக்கு, மெதுவான சிப் நூறு சதவீதத்தில் நின்று முக்கிக்கொண்டிருக்கும்.

பிராசசரைவிடப் பெரிய தொல்லை அதோடு சேர்த்து வருகிறது. மலிவான செலரான் லேப்டாப் பலவற்றில் 4 ஜிபி ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி (மலிவான, மெதுவான சேமிப்புச் சிப்) சேமிப்பும் அப்படியே. 32 ஜிபியில் விண்டோஸின் பெரிய அப்டேட் இறங்கவே இடம் இருக்காது. கழற்றி வேறு போட வழியில்லை. பழைய ஐ5 அலுவலக மாடல்களில் பெரும்பாலும் பின்மூடியைத் திறந்து ரேம் கூட்டலாம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடலாம். என் மேசைக்கு "ரொம்ப ஸ்லோ" என்று வருகிற மெஷின்களில் பலவற்றுக்கு இந்த இரண்டே போதும்.

சரி, எந்த ஜெனரேஷன் வாங்குவது? விண்டோஸ்தான் ஓட்ட வேண்டும் என்றால் எட்டாம் ஜெனரேஷனுக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏழாம் ஜெனரேஷன் இன்டெல், ஓரிரு விதிவிலக்கு தவிர, கிடையாது. இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. என்4020 பட்டியலில் இருக்கிறது, அதைவிட எவ்வளவோ வேகமான ஐ7-7600யு இல்லை. ஆக, பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒரு சிப் வேகமானது என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் இல்லாததிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று விற்கிறார்கள். ஓடும்தான். ஆனால் அடுத்தடுத்த அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை, அதை உங்களிடம் சொல்லிவிட்டு விற்கிறார்களா என்று பாருங்கள்.

எட்டாம் ஜெனரேஷனைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஏழாம் ஜெனரேஷன் ஐ5-7200யு-வில் இரண்டு கோர், ஐ5-8250யு-வில் அதே 15 வாட்டில் நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசை). யு வரிசையில் வெகுநாள் கழித்து வந்த பெரிய தாவல் அது. 7200யு-வின் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், 8250யு-வுக்கு 1.6 என்று இருப்பதைப் பார்த்துப் பழையதை எடுத்துவிடாதீர்கள். தேவைப்படும்போது பின்னது 3.4 வரை ஏறும், முன்னது 3.1-ஓடு நின்றுவிடும்.

இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பற்றிச் சுருக்கமாக. ஏ4-9125, ஏ6-9220 இவற்றைத் தவிர்த்துவிடுங்கள், பழைய வடிவமைப்பு. ரைசன் என்று பெயர் இருந்தால், அதிலும் ரைசன் 5 3500யு மாதிரி நான்கு கோர் என்றால், தயங்காமல் பாருங்கள்.

ஏற்கெனவே வீட்டில் நான்காவது, ஐந்தாவது ஜெனரேஷன் ஐ5 இருக்கிறதா? அதைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம். 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டால் படிப்புக்கும் கணக்கு வழக்குக்கும் இன்னும் பல வருடம் ஓடும். யூடியூபில் 4கே மட்டும் வேண்டாம். விபி9 (யூடியூப் பயன்படுத்தும் வீடியோ வடிவம்) வீடியோவை முழுக்க ஹார்டுவேரிலேயே பிரிக்கும் வசதி யு வரிசைக்கு ஏழாம் ஜெனரேஷனில்தான் வந்தது, அதற்கு முந்தியவை பிராசசரை வருத்தித்தான் அந்த வேலையைச் செய்யும், ஃபேன் சத்தமே சொல்லிவிடும். 720பி, 1080பி பார்ப்பதில் சிக்கல் இல்லை. பே டிரெயில் மெஷினில் லினக்ஸ் போட்டு அடிக்கடி உறைந்துபோனால் ரேமை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள், அந்தக் குடும்பத்தின் தூக்க நிலை கோளாறு பேர்போனது, லினக்ஸின் மையமான கெர்னலின் அமைப்பில் சி-ஸ்டேட்டை (பிராசசர் எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்பதை) 1-க்குக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் சரியாகும், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். 32 பிட் ஆட்டம் நெட்புக் என்றால் நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். டெபியன் என்ற லினக்ஸ்கூட 2025-இல் வந்த 13-ஆம் பதிப்போடு 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்பான பிரவுசர் கிடைப்பதே கஷ்டம்.

கடையில் வாங்கும்போது பத்து நிமிடம் அந்த மெஷினோடு உட்காருங்கள். சார்ஜரைச் செருகி, ஒரு 1080பி வீடியோவை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் வேகத்தைக் கவனியுங்கள். 15 வாட் ஐ5 வேலை இருக்கும்போதும் 0.4, 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் கோளாறு இருக்கிறது. உள்ளே தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்திருக்கலாம், அது சின்னச் செலவு. சில மாடல்களில் சார்ஜரின் நடுப்பின் வழியாக மெஷின் சார்ஜரை அடையாளம் காணும், டூப்ளிகேட் சார்ஜர் என்றால் அடையாளம் தெரியாமல் பிராசசரை வேண்டுமென்றே மெதுவாக்கிவிடும், பேட்டரியும் ஏறாது. வேறு ஒரிஜினல் சார்ஜர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் வேகம் ஏறவில்லை என்றால் போர்டில் பிரச்சினை இருக்கலாம், அந்த மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.