காலிப் படுக்கைக்கும் வாடகை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நீண்ட காலத் தண்டனை பெறுபவர் பெரும்பாலும் சேலம் மத்திய சிறைக்குத்தான் அனுப்பப்படுகிறார். அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணைப்படி சிறைச்சாலை மாநில அரசின் பொறுப்பு. அங்கே ஒருவர் கூடுதலாக அடைக்கப்பட்டால் அரசுக்குச் செலவுதானே தவிர வரவு இல்லை. அமெரிக்காவில் அது வரவாகவும் இருக்க முடியும். 1983இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கப்பட்டு இன்று கோர்சிவிக் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் சிறைகளை நடத்துகிறது. அதன் பங்குகள் பங்குச்சந்தையில் விற்பனையாகின்றன.

ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு கட்டணம் தருகிறது. கட்டடக் கடனும் காவலர் சம்பளமும் மின்கட்டணமும் ஆயிரம் பேர் இருந்தாலும் எழுநூறு பேர் இருந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. புதிதாக வரும் ஒருவரால் கூடுவது சாப்பாடு, துணி, மருந்துச் செலவு மட்டுமே. ஆகவே கடைசியாக நிரம்பும் படுக்கைகளில்தான் இலாபம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது: காய்ப்பு குறைந்த ஆண்டிலும் வங்கி வட்டி குறையாது. ஆனால் இத்தனை டன் பெங்களூரா மாங்காய் கட்டாயம் வந்து சேரும், வராவிட்டாலும் பணம் உண்டு என்று அவர்களுக்கு யாரும் எழுதித் தருவதில்லை.

சிறை நிறுவனங்களுக்கு அரசுகள் அப்படி எழுதித் தந்திருக்கின்றன. அரிசோனாவின் சில ஒப்பந்தங்களில் நூறு சதவீத நிரப்பு உறுதியே இருந்தது. 2012இல் மேற்சொன்ன நிறுவனம் 48 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் சிறைகளை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், 20 ஆண்டுகளுக்கு 90 சதவீதம் நிரம்பியிருக்க உறுதி கொடுங்கள் என்று கேட்டது (துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்). இத்தகைய உறுதி இருக்கும் இடத்தில் குற்றம் குறைந்தால், காலிப் படுக்கைக்கான பணம் வரி செலுத்துவோரிடமிருந்து போகிறது. தொழிலின் நட்ட அபாயம் முதலாளியை விட்டு அரசின் தோளுக்கு மாறிவிடுகிறது.

மிச்சம் பிடிக்க வேறு வழி ஆட்செலவுதான். குடியேற்ற வழக்குகளில் பிடிக்கப்பட்டவர்களை அடைத்துவைக்கும் குடியேற்றத் தடுப்பு மையங்களில் சமையல், துப்புரவு வேலைகளைச் செய்யும் காவலில் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் கொடுப்பது நெடுங்கால வழக்கம். ஒப்பந்தச் சிறைகளில் பெரும்பாலான வகைப் பாதுகாப்புச் சம்பவங்கள் அரசுச் சிறைகளைவிட அதிகம் என்று அமெரிக்க மத்திய அரசின் நீதி அமைச்சகத் தலைமை ஆய்வாளர் 2016இல் அறிக்கை தந்தார்.

தண்டனைக் கைதிகளில் தனியார் சிறைகளில் இருப்பவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குடியேற்றக் காவலிலோ மிகப் பெரும்பான்மையினர் தனியார் நடத்தும் மையங்களில்தான் இருக்கிறார்கள். 2021இல் அதிபர் பைடன் பிறப்பித்த ஆணை அந்த நீதி அமைச்சகத்தின் சிறை ஒப்பந்தங்களை மட்டுமே கட்டுப்படுத்தியது, குடியேற்றக் காவலைத் தொடவில்லை. பென்சில்வேனியாவின் மொஷானன் வேலி சிறை அவ்வாண்டு ஒப்பந்தம் முடிந்து காலியானது. அதே ஆண்டிலேயே, அதை நடத்திவந்த ஜியோ குழுமம் என்ற தனியார் சிறை நிறுவனத்தின் கையிலேயே, குடியேற்றத் தடுப்பு மையமாகத் திறக்கப்பட்டது.