ஸ்லாம்: சொல்லும் அதைக் கேட்கும் குறிப்பும்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 13 பிடிகளில் (ஒரு சுற்றில் நால்வரும் இடும் சீட்டுகளை வெல்வது ஒரு பிடி) 12-ஐயோ 13-ஐயோ எடுப்பதாக முன்கூட்டியே கேட்டு, கேட்டபடி எடுத்துவிடுவதை ஸ்லாம் என்பர். கேட்கும் படியோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகளின் எண்ணிக்கை வரும். ஆறாம் படியில் கேட்பது சிறிய ஸ்லாம். ஏழாம் படியில் கேட்பது கிராண்ட் ஸ்லாம். அகராதியில் இதற்குப் பொருள் தேடுவோர் ‘ஓங்கி அறைதல்’, ‘கதவைப் படாரெனச் சாத்துதல்’ என்பவற்றையே முதலில் காண்பர். வெற்றிச் சீட்டை மேசையில் ஓங்கி அடிப்பதால்தான் இப்பெயர் வந்தது என்று பாளையங்கோட்டையில் நான் ஆடும் மேசையிலும் சிலர் விளக்கம் சொல்வதுண்டு. அது பொருந்தாது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘ஸ்லாம்’ என்பது ஒரு சீட்டாட்டத்தின் பெயராகவே இருந்தது. எல்லாப் பிடிகளையும் வாரிக்கொள்ளுதல் என்ற பொருள் அதே நூற்றாண்டில் அதனோடு சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் இதை ‘ஷலெம்’ என்றும் ஜெர்மானியர் ‘ஷ்லெம்’ என்றும் தத்தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டனர். டென்னிஸ் செய்திகளில் நாம் நாள்தோறும் படிக்கும் கிராண்ட்ஸ்லாமும் சீட்டு மேசையிலிருந்து போனதே.

பிரிட்ஜ் என்ற பெயருக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. அதைப் ‘பாலம்’ என்று பெயர்ப்பது பிழை. 1886-இல் இலண்டனில் வெளியான ஒரு சிறு விதிநூல் இவ்வாட்டத்தைப் ‘பிரிட்ச், அல்லது ரஷ்ய விஸ்ட்’ என்றே குறிப்பிட்டது. பாலத்தோடு அதற்கு உறவு இல்லை.

தமிழில் என்ன சொல்லலாம் என்பதற்கு நம் கையிலேயே சரக்கு இருக்கிறது. இருபத்தெட்டு, முந்நூற்று நான்கு என்ற சீட்டாட்டங்களை ஆடியவர்களுக்குப் பிடி, துருப்பு, வெட்டு, கேள்வி ஆகியவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே 13 பிடிகளையும் எடுப்பதை ‘முழுப்பிடி’ என்பதே நேரானது. 12 பிடிக்கு ‘ஒன்றொழி பிடி’ என்ற தொடரை நான் முன்வைக்கிறேன். ‘ஒன்றொழி பொதுச்சொல்’ என்று இலக்கணத்தில் ஏற்கெனவே வழங்கும் அமைப்பு அது. ஒன்று நீங்கலாக மற்றவை எல்லாம் என்ற பொருளை இரண்டே சொற்களில் தருகிறது. மேசையில் பேசும்போது ‘பன்னிரண்டு பிடி’ என்றாலே போதும்.

இனி, ஸ்லாமுக்குப் போகலாமா என்று கூட்டாளிக்கு உணர்த்துவதற்கான சொல்லைப் பார்க்க வேண்டும். எனக்கு உண்மையில் கவலை தருவது இந்த இடந்தான். இப்படி உணர்த்த வேண்டிய தேவை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஆக்ஷன் (ஏல) பிரிட்ஜில் 12 பிடி எடுத்தால், கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும், அதற்கான சிறு பரிசு கிடைத்துவிடும். 1925-இல் ஹெரால்டு வான்டர்பில்ட், பனாமா கால்வாய் வழியே சென்ற ஒரு கப்பல் பயணத்தில் இன்று ஆடப்படும் காண்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளிமுறையை ஒழுங்கு செய்தபோது, கேட்டவருக்கே பரிசு என்று ஆக்கினார். இன்றைய கணக்கில் சிறிய ஸ்லாமுக்கு 500 புள்ளியும், ஏற்கெனவே ஒரு ஆட்டம் வென்று ‘வல்னரபிள்’ ஆன நிலையில் 750-உம் கிடைக்கும். கிராண்ட் ஸ்லாமுக்கு இவை முறையே 1000, 1500. இத்தனையும் கேள்வியில் தங்கியிருப்பதால், இருவர் கைகளிலும் உள்ள பலத்தைக் கேள்வி முடிவதற்குள் பரிமாறிக்கொள்ளும் வழிகள் பெருகின. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணி, இரு கைகளிலும் சேர்த்து 33 வந்தால் சிறிய ஸ்லாமையும் 37 வந்தால் கிராண்ட் ஸ்லாமையும் நினைக்கலாம் என்பது பொதுக்கணக்கு. ஆனால் எண்ணிக்கை ஒன்றே போதாது.

ஏலத்தில் விலை சொல்வதை நாம் ‘கேட்பது’ என்கிறோம். களக்காட்டு வாழைத்தார் ஏலத்திலும் ‘நீங்க எவ்வளவு கேக்கிய?’ என்றுதான் பேச்சு நடக்கும். ஆகவே ‘பிட்’ என்பதற்குக் ‘கேள்வி’ என்ற சொல் நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. ஆனால் கேள்வி என்பது வினாவையும் குறிப்பதால், ஸ்லாம் பற்றிய இருவகைக் கேள்விகளைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. 1933-இல் ஈஸ்லி பிளாக்வுட் வகுத்த முறையில், நாலு நோட்ரம்ப் (மற்ற இனங்களை வெல்லும் துருப்பு இனம் இல்லாமல் ஆடும் கேள்வி) என்று கேட்டால் ‘உன்னிடம் எத்தனை ஏஸ்?’ என்று பொருள். கிளாவர், டைமன், ஆட்டின், ஸ்பேட் என்பவை கீழிருந்து மேலாகச் சீட்டின் நான்கு இனங்கள். ஐந்து கிளாவர் என்ற மறுமொழிக்கு ஒன்றும் இல்லை அல்லது நான்கும் உண்டு என்றும், ஐந்து டைமனுக்கு ஒன்று என்றும், ஐந்து ஆட்டினுக்கு இரண்டு என்றும், ஐந்து ஸ்பேடுக்கு மூன்று என்றும் பொருள். இது உண்மையிலேயே வினவுவது. இதை ‘வினாக் கேள்வி’ எனலாம். மற்றொன்று ‘கியூ பிட்’ என்பது. துருப்பு இன்னதென்று முடிவான பிறகு வேறொரு இனத்தைக் கேட்டு, அந்த இனத்தில் எனக்குக் காப்பு (எதிரணி தொடர்ந்து பிடி எடுக்காமல் தடுக்கும் பலம்) உண்டு என்று தெரிவிப்பது இது. இதைக் ‘கியூ கேள்வி’ என்று எழுதினால், தமிழ் வாசகர் ரேஷன் கடை வரிசையைத்தான் நினைப்பார். இதற்குக் ‘குறிப்புக் கேள்வி’ என்பதே தக்க சொல்.

வெளிப்படை, குறிப்பு என்று சொல்லின் பொருளை நம் இலக்கணம் பிரிப்பது தெரிந்ததே. கிளாவரைக் கேட்டவர் கிளாவரில் ஆட விரும்பவில்லை, அங்கே தமக்குள்ள பலத்தையே சொல்கிறார் என்றால், அது குறிப்பேயன்றி வேறில்லை. சிலர் இதற்குச் ‘சாடை’ என்றும் ‘சைகை’ என்றும் எழுதுகின்றனர். அதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, அதனடியில் விரல்களைப் பிடித்து விலை பேசும் தரகு முறையைப் பார்த்தவர்களுக்குச் சாடை என்றால் என்னவென்று தெரியும்: பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் இருவர் மட்டும் பேசிக்கொள்வது. பிரிட்ஜில் அது குற்றம். கேள்வியின் வழியாக மட்டுமே கூட்டாளிக்குச் செய்தி போகலாம். அதன் பொருளை எதிரணி கேட்டால் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். புருவம் உயர்ந்தாலும் குரல் அழுந்தினாலும் தவறே. பெயரிலேயே இந்த வேறுபாடு நிற்க வேண்டும்.

வினவுவதா, குறிப்புக் காட்டுவதா என்று தீர்மானிப்பதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், திருநெல்வேலி டவுனில் ஒரு வளவு வீட்டின் பட்டாசலில் ஆடிக்கொண்டிருந்தோம். எனக்கு ஸ்பேடில் ஏஸ், ராஜா, ஜாக்கி, எட்டு, நான்கு. ஆட்டினில் ஏழும் இரண்டும். டைமனில் ஏஸ், ராஜா, ஆறு. கிளாவரில் ராஜா, ராணி, ஐந்து. கணக்குப் போட்டால் 20 புள்ளி. ஒரு ஸ்பேட் கேட்டேன். எதிரே இருந்த என் கூட்டாளி அண்ணாச்சி மூன்று ஸ்பேடுக்கு உயர்த்தினார். எங்கள் உடன்பாட்டில் அதற்குத் துருப்பில் துணையும் பத்துப் பன்னிரண்டு புள்ளியும் உண்டு என்று பொருள். ஆசை முந்திக்கொண்டது, நாலு நோட்ரம்ப் கேட்டேன். ஐந்து டைமன் என்றார். ஒரு ஏஸ்தான் வெளியே இருக்கிறது என்று ஆறு ஸ்பேட் கேட்டுவிட்டேன். இடப்பக்கத்தவர் ஆட்டின் ஏஸை வைத்தார், அடுத்து ராஜாவை வைத்தார். அங்கேயே ஆட்டம் போயிற்று. அண்ணாச்சியின் ஏஸ் கிளாவரில் இருந்தது; ஆட்டினில் அவருக்கு ராணியும் ஜாக்கியும் ஒரு ஐந்தும் மட்டுமே. நாலு ஸ்பேடோடு நின்றிருந்தால் 11 பிடி எடுத்து 450 புள்ளி பெற்றிருப்போம். எதிரணிக்கு 50 கொடுத்ததோடு அது முடிந்தது.

எத்தனை ஏஸ் என்று கேட்டேனே தவிர, எந்த இனத்தில் என்று கேட்கவில்லை. ஓர் இனத்தில் இரண்டு சிறிய சீட்டுகள் மட்டும் இருக்கும்போதும், ஓர் இனத்தில் சீட்டே இல்லாதபோதும் எண்ணிக்கை பயன்படாது. அங்கே குறிப்புக் கேள்வியே வழிகாட்டும். எல்லா இனத்திலும் காப்பு இருக்கிறது, ஏஸ்களின் தொகை மட்டுமே தெரிய வேண்டும் என்றால் வினாக் கேள்வி போதும். இடையில் மூன்றாவது வழியும் உண்டு: இரு படி தாண்டிக் கேட்டு, அந்த இனத்தில் தமக்கு ஒரே சீட்டு அல்லது சீட்டே இல்லை என்று தெரிவிப்பது. 1963-இல் டோரதி ஹேடன் டிரஸ்காட் வகுத்த இதற்கு ‘ஸ்பிளின்டர்’ என்று பெயர். மரச் சிலாம்பு என்ற பொருளே அதற்கும் ஆதலால், ‘சிலாம்புக் கேள்வி’ என்று தயங்காமல் எழுதலாம்.

அதன்பின் அண்ணாச்சியும் நானும் உடன்பாட்டை மாற்றிக்கொண்டோம். அதே போன்ற ஒரு கை அடுத்த மாதமே வந்தது. மூன்று ஸ்பேடுக்கு மேல் நான், நாலு கிளாவரைக் கடந்து, நாலு டைமன் கேட்டேன். இடப்பக்கத்தவர் நிமிர்ந்து, ‘இதுக்கு என்ன அர்த்தம் அண்ணாச்சி?’ என்று என் கூட்டாளியிடம் கேட்டார். ‘டைமன்ல ஏஸ் இருக்கு, கிளாவர்ல ஏஸ் இல்ல, பன்னிரண்டு பிடிக்குப் போக மனசு இருக்குன்னு சொல்லுதாரு’ என்று அவர் உரக்கவே விளக்கினார். பிறகு தம் சீட்டுகளை ஒருமுறை பார்த்து, நாலு ஆட்டினைக் கடந்து, நாலு ஸ்பேட் என்றார். ஆட்டினில் அவருக்கும் காப்பு இல்லை. நான் பாஸ் சொன்னேன்.